நீரோட்டத்தை உண்பவை

கடல் மீன்தொட்டிக் கடைகளில் கோர்கோனியன் என்ற ஒரே பெயரில் இரண்டு வகை உயிர்களை விற்கிறார்கள். ஒன்று, இறகு இறகாகக் கிளைத்து ஊதாவும் பழுப்புமாக நிற்பது; கரீபியன் கடலின் ஆழம் குறைந்த பவளத்திட்டுகளிலிருந்து வருவது. மற்றது பென்சில் பருமனில் சிவப்பு அல்லது மஞ்சள் குச்சி. அதன் மேலெங்கும் வெள்ளை வெளேரென்று பாலிப்புகள் என்ற பூப்போன்ற சிற்றுயிர்கள் விரிந்திருக்கும். நீல விளக்கின் கீழ் இரண்டாவதுதான் கண்ணைப் பறிக்கும். வாங்குகிறவரும் பெரும்பாலும் அதையே எடுப்பார்.

முதல் சில வாரங்கள் எல்லாம் நன்றாகவே நடக்கும். விளக்கு அணைந்ததும் பாலிப்புகள் விரியும். தண்ணீர் சோதனையில் குறை எதுவும் தெரியாது. பிறகு அவை விரியும் நேரம் குறையும். அடுத்து, விரியாத நாட்கள் வரும். சில மாதங்கள் கழித்துக் கிளை நுனியில் தோல் மெலிந்து உரிந்து, உள்தண்டு வெளியே தெரியும். வளர்த்தவர் உப்பின் அளவைச் சந்தேகிப்பார், கால்சியத்தைச் சந்தேகிப்பார், பக்கத்தில் இருக்கும் மீனைச் சந்தேகிப்பார். அந்த உயிர் பெரும்பாலும் பட்டினியால்தான் செத்திருக்கும். தொட்டிக்குள் வந்த முதல் நாளிலேயே அந்தப் பட்டினி தொடங்கிவிட்டது. உடலில் இருந்த சேமிப்பு தீர இத்தனை மாதம் ஆயிற்று, அவ்வளவுதான்.

இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாடு பாலிப்பின் நிறத்திலேயே ஓரளவு தெரியும். ஊதா இறகின் பாலிப்புகள் பழுப்பாக இருப்பதற்குக் காரணம் அவற்றின் திசுவுக்குள் வாழும் நுண்பாசி. அந்தப் பாசி வெளிச்சத்தில் சர்க்கரை சமைத்துத் தான் குடியிருக்கும் வீட்டுக்கும் கொடுக்கிறது. நல்ல விளக்கு இருந்தால் அந்தக் கோர்கோனியனுக்குப் பாதிச் சாப்பாடு கிடைத்த மாதிரி. சிவப்புக் குச்சியின் பாலிப்பில் பாசி கிடையாது. அதனால்தான் அது வெள்ளையாகவோ கண்ணாடியாகவோ தெரிகிறது. எவ்வளவு விலையுயர்ந்த விளக்கும் அதற்கு ஒரு வாய் உணவு தராது. நீரில் மிதந்து வருவதைப் பிடித்துத் தின்றே அது வாழ வேண்டும். இந்த அத்தியாயம் அந்த இரண்டாவது வகையைப் பற்றியது.

இந்தக் குடும்பத்தைப் பாத்திரத்தில் வைத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு முந்நூறு ஆண்டுக்கும் மேற்பட்ட வயது. 1706-ஆம் ஆண்டின் இறுதியில் லூயிஜி ஃபெர்டினாண்டோ மார்சிலி என்ற இத்தாலியப் பிரபு, பிரான்சின் தென்கரையில் காஸிஸ் என்ற மீனவ ஊரில் தங்கியிருந்தார். மீனவர்கள் இழுத்துவந்த செம்பவளக் கிளைகளைக் கடல்நீர் நிரம்பிய கண்ணாடிப் பாத்திரத்தில் இட்டுவைத்தார். சிவந்த கிளையெங்கும் எட்டு இதழுள்ள வெண்ணிறப் பூக்கள் விரிந்தன. கிளையை வெளியே எடுத்தால் கூம்பின. திரும்பத் தண்ணீரில் விட்டால் மலர்ந்தன. பவளம் செடிதான், இதோ அதன் பூ என்று ஐரோப்பா முழுவதும் மகிழ்ந்தது. மார்சேய் நகரத்து மருத்துவர் ழான்-ஆந்த்ரே பேசோனெல் 1720களில் அதே சோதனையை இன்னும் பொறுமையாகச் செய்தார். தொட்டுப் பார்த்தார், அமிலம் சொட்டினார், தண்ணீரைச் சூடாக்கினார். அந்தப் ‘பூக்கள்’ சுருங்கிய விதத்தைக் கண்டு, அவை கடல்சாமந்தியைச் சேர்ந்த சிறு விலங்குகள் என்று எழுதினார். 1727-இல் பாரிஸ் அறிவியல் கழகத்தில் அந்தக் கருத்தை எடுத்துச் சொன்ன இயற்கையியலாளர் ரோமூர், எழுதியவருக்குத் தலைகுனிவு வரக்கூடாதென்று அவர் பெயரை மறைத்தே பேசினார். பேசோனெல் குவாதலூப் தீவுக்குப் போய்விட்டார். 1750களில் லண்டன் ராயல் சொசைட்டி அவர் ஆய்வை வெளியிட்ட பிறகே அவருக்கு நியாயம் கிடைத்தது.

மார்சிலியின் பாத்திரத்தில் மலர்ந்த செம்பவளம், கோர்கோனியன்களுக்கு நெருங்கிய உறவு. அதற்கும் பாலிப்புக்கு எட்டுக் கைகள், அதற்கும் பாசி கிடையாது. நம் ஊரில் மோதிரத்தில் பதிக்கும் பவளம் அதுதான். கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘செங்கடல் பயணக் கையேடு’, சேரநாட்டு முசிறியில் இறங்கிய சரக்குகளில் பவளத்தையும் சேர்த்திருக்கிறது. மத்தியதரைக்கடலின் அரை இருட்டில், வெளிச்சத்தின் தயவில்லாமல், மிதந்து வந்த துகள்களை மட்டுமே தின்று, ஆண்டுக்கு அரை மில்லிமீட்டர்கூடப் பருக்காத தண்டு அது. இரண்டாயிரம் ஆண்டுகளாக அந்தப் பொறுமையைத்தான் தமிழர்கள் பொன்னில் கட்டி அணிந்து வருகிறார்கள்.

இனி உடலைப் பார்ப்போம். பல கோர்கோனியன்களின் நடுத்தண்டு கோர்கோனின் என்ற கெட்டியான புரதத்தால் ஆனது. வளையும், எளிதில் ஒடியாது. அதன் மேல் மெல்லிய சதைப் போர்வை. போர்வைக்குள் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு ஊசிகள் அடர்ந்திருக்கும். நாம் ரசிக்கும் சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் அந்த ஊசிகளின் நிறம்தான். அதனால்தான் செத்துக் காய்ந்த பிறகும் நிறம் நிற்கிறது. போர்வையெங்கும் பாலிப்புகள். ஒவ்வொன்றுக்கும் எட்டுக் கைகள், ஒவ்வொரு கையின் இருபுறமும் சீப்புப்பல் வரிசையில் நுண்ணிய கிளைகள். பாலிப்புகளைச் சதைக்குள் ஓடும் நுண்குழாய்கள் இணைக்கின்றன. ஒன்று தின்றது மற்றவற்றுக்கும் போகும். வளர்ப்பவர் இதை மனத்தில் கொள்ள வேண்டும்: ஒரு கிளையில் நூறு பாலிப்பு விரியாமல் இருந்தாலும், விரிந்திருக்கும் சிலவற்றுக்குக் கிடைக்கும் உணவு வீணாவதில்லை.

பெரிய கடல் விசிறிகள் ஒரே தளத்தில் தட்டையாகக் கிளைப்பதற்குக் காரணம் உண்டு. மீனவர் நீரோட்டத்துக்குக் குறுக்கே வலை கட்டுவதும் அந்தக் காரணத்துக்காகத்தான். 1969-இல் ஸ்டீஃபன் வெயின்ரைட்டும் ஜான் டில்லனும் கரீபியன் விசிறிகள் எந்தத் திசை பார்த்து நிற்கின்றன என்று அளந்தார்கள். குட்டி விசிறிகள் கண்ட திசையில் நின்றன. வளர்ந்தவையெல்லாம் நீரின் போக்குக்குக் குறுக்கே திரும்பியிருந்தன. வளர வளர ஓட்டமே அவற்றைத் திருப்பிவிடுகிறது. தொட்டிக்குள் ஒரு விசிறியை ஒட்டும்போது அழகுக்காக முகப்பைப் பார்க்க வைப்பது பலருடைய வழக்கம். அது பார்வையாளருக்கு வசதி. விசிறிக்கு அதன் பிழைப்பே போகிறது. வேவ்மேக்கர் என்ற ஓட்டப் பம்பு எந்தப் பக்கமிருந்து நீரைத் தள்ளுகிறதோ அதற்குக் குறுக்கே வையுங்கள். பக்கவாட்டில் பார்த்து ரசிக்க நேர்ந்தாலும் பாதகமில்லை.

அவை எதைத் தின்கின்றன? நெடுங்காலம் எல்லோரும் நினைத்தது, பவளங்களெல்லாம் கொட்டும் செல்களால் சிறு விலங்குகளை வேட்டையாடுபவை என்றே. ஆனால் எட்டுக்கைப் பவளங்களின் கொட்டும் செல்கள் பலவீனமானவை. துடுப்படித்து ஓடும் கோப்பிபாடு என்ற மிதவை விலங்கு அநேகமாகத் தப்பிவிடும். 1995-இல் காத்தரினா ஃபேப்ரிசியஸ், யெஹுதா பெனயாஹு, அமட்சியா கெனின் மூவரும் செங்கடலில், பாசியில்லாத ஒரு மென்பவளத்தை ஆராய்ந்து, அதற்கு முக்கிய உணவு தாவர மிதவையுயிர்கள்தான் என்று காட்டினார்கள். அது கோர்கோனியன் அல்ல, ஆனால் அதே எட்டுக்கைக் கூட்டம். பவளங்களில் சைவச் சாப்பாடு இவ்வளவு முக்கியமாக இருக்கும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஸ்பெயினின் மேடெஸ் தீவுகளில் மார்த்தா ரிபெஸ், ரஃபேல் கோமா, ஜோசப்-மரியா கிலி மூவரும் மத்தியதரைக்கடலின் ஊதாக் கோர்கோனியன் ஒன்றை ஆண்டு முழுவதும் கவனித்தார்கள். ஒரு மில்லிமீட்டரில் இருநூற்றில் ஒரு பங்கு அளவுள்ள ஒற்றைச்செல் உயிரிலிருந்து கோப்பிபாடு வரை அது எல்லாவற்றையும் தின்றது. அதன் தட்டில் கணிசமான பங்கு, செத்து மக்கிய உயிர்த்துகள்கள். எந்த ஒரு தீவனப் பொட்டலமும் தனியாக ஏன் போதாது என்பதற்கு இதுவே விடை. அளவிலும் வகையிலும் ஒரு கலவை வேண்டும்.

உணவு மட்டும் இருந்தால் போதாது. அது சரியான வேகத்தில் வர வேண்டும். தாய்வானின் தென்கரையில் மூன்று கோர்கோனியன்களை வைத்து 1993-இல் நடத்திய ஆய்வில், நொடிக்கு 8 செ.மீ. அளவில் ஓடும் நீரில் அவை மிக நன்றாக இரை பிடித்தன. அதைவிட மெதுவாக ஓடினால் இரை வந்து சேர்வது குறைந்தது. மிக வேகமாக ஓடினால் கைகள் பின்னால் மடிந்து பிடி தவறியது.

இந்த 8 செ.மீ. என்ற எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விசிறியின் ஒரு சதுர செ.மீ. பரப்பை நொடிக்கு 8 கன செ.மீ. நீர் கடக்கிறது. ஒரு நாளுக்கு 86,400 நொடி. அப்படியானால் ஒரு நாளில் அந்த ஒரு சதுர செ.மீ. வழியாகப் போகும் நீர் ஏறக்குறைய 690 லிட்டர். இருபதுக்கு இருபது செ.மீ. உள்ள சிறிய விசிறியென்றால் 2,76,000 லிட்டர். கடல்நீர் நம் கண்ணுக்கு வெறும் தண்ணீர்தான். ஒரு லிட்டரில் ஓரிரண்டு துகள்தான் பிடிபடுகிறது என்று வைத்துக்கொண்டாலும், நாள் முழுவதும் சேர்ந்தால் அது பெருவிருந்து. கடல் விசிறி மிக மெல்லிய கஞ்சியை ஓயாமல் குடிக்கப் பிறந்தது. ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னும் உடலமைப்பே அதற்கு இல்லை.

வீட்டுத் தொட்டியில் இருப்பது 200 லிட்டர். பம்பு எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் அதே 200 லிட்டர்தான் திரும்பத் திரும்ப விசிறியைக் கடக்கிறது. முதல் சில சுற்றில் பிடிபடாத உணவு பாறையிடுக்கில் படியும், வடிகட்டியில் மாட்டும், நுரையால் கழிவை அகற்றும் ஸ்கிம்மர் கருவியில் ஏறி வெளியே போகும். வாரம் இரண்டு முறை சொட்டுமருந்து அளவில் தீவனம் விட்டால், அந்த உயிர் வாரத்தில் இரண்டு மணி நேரம் சாப்பிட்டு மீதி நேரமெல்லாம் பட்டினி கிடக்கும். கடை உறைகளில் அச்சிட்டிருக்கும் அளவுகள் பெரும்பாலும் ஒளியில் வாழும் பவளங்களுக்காக எழுதப்பட்டவை. பாசியில்லாத கோர்கோனியனுக்கு அவற்றைப் பின்பற்றினால் அது சாவது உறுதி என்றே சொல்வேன்.

சரி, நிறையப் போட்டால்? அங்கேதான் அடுத்த முட்டுக்கட்டை. புரதத்தில் ஏறக்குறைய 16 சதவீதம் நைட்ரஜன். பாதி புரதமாக உள்ள உலர்தீவனம் ஒரு கிராம் போட்டால் அதில் 0.08 கிராம் நைட்ரஜன். அது முழுவதும் சிதைந்து நைட்ரேட் ஆனால் 0.35 கிராம், 200 லிட்டரில் பரவினால் லிட்டருக்கு 1.8 மில்லிகிராம். நாளுக்கு மூன்று கிராம் போடுகிறவர் எதையும் அகற்றாமல் விட்டால், ஒரே வாரத்தில் நைட்ரேட் 37 மில்லிகிராமுக்கு மேல் ஏறியிருக்கும். கூடவே பாஸ்பேட்டும் ஏறும். பிறகு இழைப்பாசியும் சிவந்த சளிப்படலமும் எல்லாவற்றையும் மூடும். அந்தப் படலம் முதலில் பிடித்துக்கொள்வது பட்டினியால் மெலிந்து நிற்கும் கோர்கோனியனின் கிளையைத்தான். ஆக, குறைவாகப் போட்டால் பட்டினி, நிறையப் போட்டால் நாற்றம். இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வழி குறுகலானது; இருந்தாலும் ஒரு வழி இருக்கிறது.

அந்த வழியைக் கண்டவர்கள் செய்தது எளிமையானது: தொட்டியைப் பவளத்துக்காக அமைக்காமல் நீருக்காக அமைத்தார்கள். உணவு வரும் வேகத்துக்கு ஈடாகக் கழிவு போகும் வேகமும் இருக்க வேண்டும் என்பதே அந்த அமைப்பின் முழுத் தத்துவமும். தேவையைவிடப் பெரிய ஸ்கிம்மர். கீழ்த்தொட்டியில் விளக்கு போட்டு வளர்க்கும் கீட்டோமார்ஃபா பாசி, அதை வாராவாரம் அறுத்து எறிவது. தொடர்ந்து சிறிது சிறிதாக நீர் மாற்றும் பம்பு. ஒரே தடவை பாதித் தண்ணீரை மாற்றுவதைவிட நாளுக்கு ஐந்து சதவீதம் மாற்றுவது இந்த உயிர்களுக்கு இதம். பாஸ்பேட்டுக்கு இரும்பு சார்ந்த உறிஞ்சிகள் உண்டு. கரித்தூள் வடிகட்டி கட்டாயம். கோர்கோனியன்கள் தற்காப்புக்காக நீரில் விடும் ரசாயனங்கள் பக்கத்துப் பவளங்களை வாட்டும். செம்பு கலந்த மீன் மருந்து எதுவும் அந்தத் தண்ணீரில் ஒரு துளிகூடப் படக்கூடாது.

உணவைச் சொட்டுச் சொட்டாக விடுவதற்குப் பலர் மருந்துப் பம்பு வகையைச் சேர்ந்த டோசிங் பம்பைப் பயன்படுத்துகிறார்கள். சிறிய குளிர்பெட்டிக்குள் தீவனக் கரைசல் நிரம்பிய பாட்டில். அது தெளிந்து அடியில் தங்காமல் இருக்க ஒரு காந்தக் கலக்கி. அங்கிருந்து மெல்லிய குழாய் வேவ்மேக்கரின் வாய்க்கு நேரே. அரை மணிக்கு ஒருமுறை சில மில்லிலிட்டர். குழாய்க்குள் தீவனம் அழுகும் என்பதால் அதை அடிக்கடி கழுவ வேண்டும். சலிப்பான வேலை, ஆனால் விடவே கூடாதது. மிதவை உயிர்களை நசுக்காமல் வளர்க்க ஜெர்மானிய ஆய்வாளர் வுல்ஃப் கிரேவே 1968-இல் எழுதிய வட்டச் சுழற்சித் தொட்டியின் கருத்தையும் சிலர் எடுத்துக்கொண்டார்கள். அதில் நீர் மூலைமுடுக்கில் தேங்காமல் வட்டமாகவே சுழலும். உணவு கீழே படியாது.

பாட்டிலுக்குள் என்ன இருக்கலாம்? நானோகுளோராப்சிஸ் என்ற பச்சைக் கரைசல் எங்கும் கிடைக்கும். ஆனால் அதன் செல் 2 முதல் 4 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பெரும்பாலான கோர்கோனியன்களின் கைக்கு அது மிகச் சிறியது. டெட்ராசெல்மிஸ் ஏறக்குறைய 10 மைக்ரான்; ஓரளவு உதவும். உறைந்த சிப்பி முட்டை 50 மைக்ரான் அளவு. மீன்தொட்டி வளர்ப்பவர்கள் கண்டுகொண்ட அருமையான உணவு அது. அதற்கு மேல் ரோட்டிஃபர் என்ற நுண்விலங்கு, 100 முதல் 300 மைக்ரான். அதற்கும் மேல் புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற உப்புநீர் இறால் குஞ்சு, அரை மில்லிமீட்டரை ஒட்டியது. பருத்த பாலிப்புள்ளவை இதைப் பிடித்து விழுங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கைகள் ஒன்றொன்றாக உள்நோக்கி மடியும், வாய் விரியும். அதைப் பார்ப்பதற்காகவே இரவில் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ரோட்டிஃபரும் ஆர்ட்டீமியாவும் தமிழ்நாட்டுக் கரையில் புதிய பெயர்கள் இல்லை. சென்னையிலிருந்து மரக்காணம் வரை கிழக்குக் கடற்கரைச் சாலையோர இறால் பொரிப்பகங்களில் இறால் குஞ்சுக்கு ஊட்டுவது ஆர்ட்டீமியாதான். முட்டுக்காட்டு உவர்நீர் மீன்வளர்ப்பு நிலையத்தில் மீன்குஞ்சுக்கு முதல் இரை ரோட்டிஃபர். தூத்துக்குடி உப்பளப் பாத்திகளில் ஆர்ட்டீமியா தானாகவே வாழ்கிறது. அங்கே பதிவான வகையில் ஆணின் உதவியில்லாமலே பெண் பெருகும். பொரிப்பகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரிந்த விதி இங்கேயும் செல்லும்: முட்டை பொரிந்த சில மணி நேரத்துக்குள் ஊட்டிவிட வேண்டும். நேரமானால் குஞ்சு தன் மஞ்சள்கருவைத் தானே தின்று தீர்த்துவிடும். பவளத்துக்குக் கிடைப்பது வெறும் ஓடு. பொரித்த நீரோடு ஊற்றாமல் வடிகட்டி அலசி ஊட்டவும் வேண்டும், முட்டை ஓடு தொட்டிக்குள் போய்விடக் கூடாது.

எந்த இனத்தை எடுப்பது? மெனெல்லா என்ற மஞ்சள் விரல் கோர்கோனியன் ஓரளவு பெரிய பாலிப்பும் ஏற்கும் குணமும் உள்ளது. கரீபியனிலிருந்து வரும் ஸ்விஃப்டியா எக்சர்டா ஆரஞ்சுக் கிளையும் சிவந்த பாலிப்புமாக நன்றாகத் தின்னும். முதன்முதலில் முயல்கிறவருக்கு நான் சொல்லும் பெயர் அதுவே. தொடக்கத்தில் சொன்ன சிவப்புக் குச்சி டயோடோகோர்கியா. அதுவும் தாக்குப்பிடிக்கக் கூடியதுதான், பட்டினி போடாதவரை. நீலக் கோர்கோனியன்களும் மிக நுண்ணிய பாலிப்புள்ள பெரிய விசிறிகளும் வேறு கதை. அவற்றை வீட்டில் வாழவைத்தவர்கள் மிகச் சிலர். கடைகளில் அவற்றைப் பார்த்தால் வாங்காமல் விட்டுவருவதே அவற்றுக்குச் செய்யும் நன்மை.

வாங்கும்போது பார்க்க வேண்டியது அடிப்பக்கம். சதை உரிந்து உள்தண்டு தெரிகிறதா, எங்கேனும் பஞ்சு மாதிரிப் பாசி படிந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே நிறத்தைப் பார்க்கலாம். பெட்டியிலிருந்து தொட்டிக்கு மாற்றும்போது காற்று படாமல், நீருக்குள்ளேயே மாற்றுவது நல்லது. உயிருள்ள சதையைப் பசையில் புதைத்தால் அது அங்கேயே அழுகத் தொடங்கும். அடிக்கிளையில் ஒரு செ.மீ. சதையைச் சுரண்டி, வெற்றுத் தண்டை மட்டும் எபாக்சியில் நட வேண்டும். செத்த நுனியை வெட்டிவிடலாம், நல்ல சதை தொடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் உள்ளேயே வெட்டுவது பாதுகாப்பு. கோர்கோனியன்கள் அவ்வப்போது மேல்தோலை மெழுகுப் படலமாகக் கழற்றிவிடும். அந்த நாட்களில் பாலிப்பு விரியாது. பதறாமல் ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால் படலம் போய்விடும். விளக்கு மங்கலாக இருக்கட்டும். அதற்கு வெளிச்சம் கெடுதல் செய்வதில்லை, வெளிச்சத்தில் அதன் கிளைமேல் வளரும் பாசிதான் கெடுதல்.

கோர்கோனியன் வளர்ப்பில் மிக அழகான சாதனை என்று நான் நினைப்பது ஒரு குதிரையின் பொருட்டு நடந்தது. 1969-இல் நியூ கலிடோனியாவில் ஜார்ஜ் பார்ஜிபான் என்பவர் ஒரு மியூரிசெல்லா விசிறியை எடுத்துவந்தார். மேசையில் வைத்து ஆராயும்போதுதான் அதன் கிளையில் ஒன்றரை, இரண்டு செ.மீ. நீளமுள்ள கடற்குதிரைகள் ஒட்டியிருந்தது தெரிந்தது. மேனியின் முடிச்சும் நிறமும் விசிறியின் பாலிப்பும் கிளையுமாகவே இருந்தன. மறுவருடம் அவர் பெயராலேயே அதற்கு இனப்பெயர் வைத்தார்கள். அந்தக் குட்டைக் கடற்குதிரையை நெடுங்காலம் யாராலும் வளர்க்க முடியவில்லை. குதிரைக்கு வீடு அந்த விசிறி. விசிறியை வாழவைக்கத் தெரியாமல் குதிரையை வைத்திருக்க முடியாது. சான் பிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா அறிவியல் அகாதமியின் ஸ்டைன்ஹார்ட் மீன்காட்சியகத்தினர் முதலில் விசிறியை வளர்ப்பதில் தேர்ந்தார்கள். பிறகு 2014-இல் பிலிப்பைன்ஸ் கடலிலிருந்து குதிரைகளை விசிறியோடு கொண்டுவந்து, அவற்றை இனம்பெருக்கவும் செய்தார்கள். அங்கே பிறந்த குஞ்சுகள், தாம் போய் ஒட்டிக்கொண்ட விசிறியின் நிறத்தையே ஏற்றதை அவர்கள் நேரில் கண்டார்கள். கடலுக்கடியில் அதைப் பார்க்க எவருக்கும் வாய்த்திருக்காது.

இந்தியாவில் இதைப் படிப்பவர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாக் கோர்கோனியன்களையும் 2001-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலியும் யானையும் உள்ள பட்டியலில், சேர்த்துவிட்டார்கள். உயிரோடு எடுப்பதும் காய்ந்ததை அலங்காரத்துக்கு விற்பதும் குற்றம். காரணமில்லாமல் வந்த சட்டம் அன்று. 1969-இல் கரீபியன் கோர்கோனியன் ஒன்றில் புரோஸ்டாகிளாண்டின் என்ற மருந்துப்பொருள் ஏராளமாக இருப்பதாகத் தெரியவந்து, உலகெங்கும் கோர்கோனியன்மேல் கண் விழுந்தது. 1970களின் நடுவிலிருந்து நம் தென்கடல் விசிறிகளும் காயவைக்கப்பட்டு ஏற்றுமதியாயின. ஒரு கையகல விசிறி வளர எத்தனை ஆண்டாகும் என்று எவரும் அப்போது கணக்குப் பார்க்கவில்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மீன்தொட்டி வணிகத்துக்காக எடுக்க அனுமதி உண்டு. அங்கேயும் ஆண்டுக்கு 70,000 என்று வரம்பிட்டு, பெரிய கடல் விசிறிகளைத் தொடவே தடை விதித்திருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் முக்குளிக்கப் போகிறவர்கள் அவற்றை அவற்றின் ஓட்டத்திலேயே பார்த்துவிட்டு வரலாம். தொட்டியில் வளர்க்கும் பேச்சு, சட்டம் இடம் தரும் நாடுகளில் வாழ்கிறவர்களுக்கு மட்டும்.

கடைசியாக வெப்பம். டயோடோகோர்கியாவும் ஸ்விஃப்டியாவும் வெயில் மங்கிய ஆழத்திலிருந்து வருபவை. 22 முதல் 24 டிகிரிக்குள் வைத்தால் நிம்மதியாக இருக்கும். வெப்பம் கூடினால் உடல் எரிக்கும் சக்தியும் கூடுகிறது, அதே உணவு போதாமல் போகிறது. இதைக் கடலே காட்டியது. 1999-இன் கோடை முடிவிலும் மறுபடி 2003-இலும் வடமேற்கு மத்தியதரைக்கடலில் கோர்கோனியன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்தன. அந்தக் கடலில் ஒவ்வொரு கோடையிலும் மேல்நீர் சூடாகி அடிநீரோடு கலக்காமல் தனியே நிற்கும்; உணவு வற்றும்; கோர்கோனியன்கள் பாலிப்பை மூடி அந்தப் பருவத்தைக் கடத்தும். முன்பு சொன்ன கோமாவும் தோழர்களும் கோர்கோனியன்களைத் தொட்டிகளில் வைத்து, அந்தச் சூடான, உணவு குறைந்த நிலையைச் சில வாரம் நீட்டித்துப் பார்த்தார்கள். உடல் கரைந்தது, பிறகு திசு செத்தது. கடலில் நடந்ததும் அதுவே என்று 2009-இல் எழுதினார்கள். கோடை நீண்டதால், அது முடியும் முன்பே சேமிப்பு தீர்ந்துவிட்டது. சாவு பெரும்பாலும் 40 மீட்டர் ஆழத்துக்கு மேலேயுள்ள பகுதியில்தான். அதற்குக் கீழே, குளிர்நீரில் நின்றவை தப்பின.

அதனால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் இந்தத் தொட்டியைத் தொடங்க வேண்டாம். மின்சாரம் போகும் ஊரானால் அதற்கும் பம்புக்கும் இன்வெர்ட்டர் இருக்கட்டும். கோடையில் 26-ஐத் தாண்டும் நாட்களில் தீவனத்தைக் குறைக்காமல், இன்னும் சிறு சிறு அளவாகப் பிரித்து, இரவிலும் விடுங்கள். நீர் மாற்றுவதையும் அதற்கேற்பக் கூட்டுங்கள். மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. கிளை நுனி மெலிவது கண்ணுக்குப் பிடிபடும் முன்பே, மூன்று மாதப் படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அப்போதும் உணவைக் கூட்ட நேரம் மிச்சமிருக்கும்.